இசை வெளியீட்டில் காட்சி ஒருமையும் எழுத்து ஒருமையும்: திருப்பதி இசைத்தட்டுகளை முன்வைத்து

ஓர் இசைத்தட்டோ ஒலிநாடாவோ விற்பனைக்கு வரும்போது அதனுடன் வேறு பல பொருள்களும் அச்சாகின்றன. தட்டின் உறை, உறையின் பின்புறக் குறிப்பு, பாடல் வரிகள் அடங்கிய சிறு புத்தகம், சுவரொட்டி, நாளிதழ் விளம்பரம், வெளியீட்டு விழாவின் அழைப்பிதழ் ஆகியன அவற்றுள் அடங்கும். இவை யாவும் ஒரே வெளியீட்டைச் சார்ந்தவை என்பதைக் காண்போர் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே உணர வேண்டும் என்பது இத்துறையில் உள்ளோரின் எதிர்பார்ப்பு. வண்ணம், படம், எழுத்துருவம், இடைவெளி ஆகியவை ஒன்றுபட்டுத் தோற்றுவிக்கும் இவ்வுணர்வை இக்கட்டுரை ‘காட்சி மெய்ப்பாடு’ எனக் குறிக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வு புறத்தே புலப்படும் வகையைப் பேசுவது. இசையின் உள்ளியல்பு அச்சிட்ட தாளில் புலப்படுவதைச் சுட்டவும் அச்சொல் பொருந்தும்.

இவ்வொருமை தமிழுக்குப் புதியதொரு கருத்தன்று. திணைக் கோட்பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருளாக நிற்க, தெய்வம், விலங்கு, மரம், பறை, யாழ் முதலியவை கருப்பொருளாக அமைந்து ஓர் உரிப்பொருளுக்குத் துணை செய்கின்றன. குறிஞ்சிப் பாட்டினுள் நெய்தல் யாழ் ஒலித்தால் அது திணை மயக்கமாகக் கொள்ளப்படும். இசைக்கருவியையும் நிலக்காட்சியையும் ஒரே பட்டியலில் வைத்த மரபுக்கு, பாட்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள உறவை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் காட்சி ஒருமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் படத்தையும் வண்ணத்தையும் மட்டுமே கருதுகின்றனர். வெளியீடு ஒருமொழிச் சூழலில் நிகழுமானால் இது போதுமானதாகலாம். சித்தூர், திருப்பதி போன்ற இருமொழி வட்டாரத்தில் இது போதாது. படத்தை ஒரு முறை வரைந்தால் எல்லாப் பதிப்புகளுக்கும் பயன்படுத்தலாம். சொல்லையும் எழுத்தையும் ஒவ்வொரு மொழிக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒருமை குலைவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். அதனைக் காக்கவோ குலைக்கவோ வல்லவர் மொழிபெயர்ப்பாளர் ஆவார்.

வட்டாரமும் வெளியீடுகளும்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு வடஆர்க்காடு முதலிய பழைய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022ஆம் ஆண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் நகரி, புத்தூர், சித்தூர்ப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குவது மாறவில்லை. தமிழகத்திலிருந்து திருமலைக்கு வரும் அடியவர் தொகையையும் சேர்த்து நோக்கின், திருப்பதியை மையமாகக் கொண்ட எந்த இசை வெளியீடும் தொடக்கத்திலேயே குறைந்தது இரு மொழி வாசகர்களை எதிர்கொள்கிறது என்பது விளங்கும்.

இவ்வெளியீடுகளுள் இரண்டு தனிக் கவனத்துக்குரியவை. முதலாவது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்ட ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம். பதினைந்தாம் நூற்றாண்டினரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய இவ்வடமொழிப் பனுவல் சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என நான்கு பகுதிகளை உடையது. இரண்டாவது, 1980ஆம் ஆண்டை ஒட்டித் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் அவரே பாடி வெளிவந்த ஐந்து இசைத்தட்டுகளின் தொகுதியான பாலாஜி பஞ்சரத்ன மாலை. தாளப்பாக்கம் அன்னமாசாரியரின் (1408–1503) சங்கீர்த்தனங்கள் பலவற்றைத் தமிழகத்து வீடுகளுக்குக் கொண்டுசேர்த்ததில் இத்தொகுதிக்குப் பெரும் பங்கு உண்டு.

பாடியவர் மதுரையில் பிறந்த தமிழர். பாடல்களின் மொழி வடமொழியும் தெலுங்கும். கோயில் ஆந்திரத்தில் உள்ளது. கேட்போர் இந்தியா முழுவதும் உள்ளனர். இத்தகைய வெளியீட்டுக்குக் காட்சி ஒருமையைத் தந்தது எது?

ஒரு பகுதி விடை பாடகரின் தோற்றத்திலேயே உள்ளது. காஞ்சிப் பட்டு, நெற்றித் திலகம், இருபுற வைர மூக்குத்தி, கூந்தலில் மல்லிகைச் சரம் என்னும் அத்தோற்றம் மேடையிலும் புகைப்படத்திலும் பல்லாண்டுகள் மாறாமல் நின்றது. அவர் விரும்பி உடுத்திய பட்டின் நிறம் ‘எம்.எஸ். நீலம்’ என்றே பெயர் பெற்றது. 2004ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலைக்கும், 2006ஆம் ஆண்டு திருப்பதி நகரில் நிறுவப்பட்ட வெண்கலச் சிலைக்கும் மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த அவ்வுருவமே அடிப்படை. எந்த வடிவமைப்பாளரும் திட்டமிட்டு அமைக்காத இவ்வொருமை, திட்டமிட்ட பலவற்றைவிட நிலைத்தது.

பெயர் என்னும் முதல் முடிவு

மற்றொரு பகுதி விடை பெயரில் உள்ளது. திருமலை இறைவனைத் தமிழர் ஏழுமலையான் என்பர். தெலுங்கர் ஏடுகொண்டலவாடு என்பர். வேங்கடேசன், சீனிவாசன், கோவிந்தன் ஆகியவை இரு மொழியிலும் வழங்குவன. பாலாஜி என்பது வடஇந்திய அடியவரிடம் பெருவழக்காக உள்ள பெயர். இவை யாவும் ஒரே இறைவனைச் சுட்டினும் எழுப்பும் மெய்ப்பாடு ஒன்றன்று. ஏழுமலையான் என்றவுடன் மலைப்பாதையும் நேர்த்திக்கடனும் மொட்டையடித்த தலையும் நினைவுக்கு வருகின்றன. வேங்கடேசன் என்பதில் அர்ச்சனையின் ஒலி உண்டு. 1980இன் தொகுதி பாலாஜி என்னும் பெயரை ஏற்றபோது அது நாடு முழுவதையும் நோக்கித் திரும்பியது எனக் கொள்வதில் தவறில்லை. ஏழுமலையான் என்னும் பெயருக்கு உரிய படத்தை பாலாஜி என்னும் பெயரின் கீழ் அச்சிட்டால், படமும் பெயரும் வெவ்வேறு மக்களை அழைத்துக்கொண்டிருக்கும்.

பஞ்சரத்னம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. கருநாடக இசை பயின்ற தமிழருக்கு அச்சொல் தியாகராசரின் கனராகக் கீர்த்தனைகள் ஐந்தையும் திருவையாற்று ஆராதனையையும் உடனே நினைவூட்டும். இங்கு அது ஐந்து தட்டுகளைக் குறிப்பது. ‘ஐந்மணி மாலை’ என மொழிபெயர்த்தால் பொருள் சரியாகவே இருக்கும். ஆனால் அவ்விசைத் தொடர்பு அறுபடும். இத்தகைய இடங்களில் மொழிபெயர்க்காமை ஒரு மொழிபெயர்ப்பு முடிவாகவே கொள்ளத்தக்கது. சுப்ரபாதம் என்பதற்குத் திருப்பள்ளியெழுச்சி எனும் அழகிய தமிழ்ச் சொல் உண்டு. ஆயினும் அது தொண்டரடிப்பொடியாழ்வாரின் பாசுரத்துக்கு உரிய பெயராக நிலைபெற்றுவிட்டதால், உறையில் அதனை இட்டால் வாங்குவோர் வேறொரு நூலை எதிர்பார்ப்பர். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவையே ஓதப்படுவதை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு இன்னும் நுட்பமாகப் புலப்படும்.

தேவஸ்தானத்தின் மாத இதழ் பல மொழிகளில் வெளிவரினும் எல்லாப் பதிப்புகளுக்கும் ‘சப்தகிரி’ என்பதே பெயர். தமிழ்ப் பதிப்புக்கு ‘ஏழுமலை’ எனப் பெயரிட்டிருந்தால் அது இனிய தமிழாக இருந்திருக்கும். பெயரின் ஒருமை இருந்திராது. இரண்டில் எது மேல் என்பது இதழின் நோக்கத்தைப் பொறுத்தது. முடிவு எடுக்கப்பட்டு, அது எல்லா அச்சுப் பொருள்களிலும் பின்பற்றப்படுவதே இன்றியமையாதது.

போலி ஒப்புமைச் சொற்கள்

தெலுங்கிலிருந்து தமிழுக்கு விளம்பர வாசகங்களைப் பெயர்ப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொற்கள் முதல் வரியிலேயே எதிர்ப்படுகின்றன. படமோ இசைத்தட்டோ வெளிவருவதைத் தெலுங்கில் ‘விடுதல’ என்பர். ஒலியால் அணுக்கமான தமிழ்ச் சொல் விடுதலை. ‘அன்னமய்யா பாடல்கள் விடுதலை’ என அச்சானால் நகைப்புக்கு இடமாகும். தமிழில் அது வெளியீடு. நூலோ தட்டோ வெளியிடும் விழாவைத் தெலுங்கில் ‘ஆவிஷ்கரண’ என்பர். அச்சொல்லை ஒலிபெயர்த்து அழைப்பிதழில் இட்டால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. தெலுங்கில் ‘அவசரம்’ தேவையைக் குறிக்க, தமிழில் விரைவைக் குறிப்பது யாவரும் அறிந்தது.

‘சமர்ப்பிஞ்சு’ என்பது சற்று வேறு வகையினது. தெலுங்குத் திரைப்பட விளம்பரத்தில் அது ‘வழங்கும்’ என்னும் அளவே. தமிழில் சமர்ப்பித்தல் என்பது இறைவன் திருவடியிலோ பெரியோர் முன்னிலையிலோ பணிந்து வைத்தல். பக்தி இசை வெளியீட்டில் ‘சமர்ப்பிக்கும்’ என நேர்ப்பெயர்ப்பாக வந்தால் தவறே நன்மையாகிவிடுகிறது. உறையின் மெய்ப்பாட்டுக்கு அது ‘வழங்கும்’ என்பதைவிட நன்கு இசைகிறது. ஆனால் அதே சொல் வெளியீட்டாளரைப் பற்றிய வரியிலும் விற்பனைக் கடையைப் பற்றிய வரியிலும் வருமானால் அடக்கம் மிகையாகிப் போலித்தன்மை தோன்றும்.

எழுத்தின் உருவமும் இடமும்

தெலுங்கு எழுத்து வட்டமானது. பெரும்பாலான எழுத்துகளின் மேல் தலைக்கட்டு என்னும் சிறு குறி அமர்ந்திருக்கும். மெய்ம்மயக்கத்தில் இரண்டாவது மெய் முதல் எழுத்தின் அடியில் ஒட்டாகத் தொங்கும். தமிழில் நேர்கோடுகளும் மூலைகளும் மிகுதி. மெய்க்குப் புள்ளி மேலே நிற்கும். எழுத்துகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பக்கவாட்டில் நீளும். வேங்கடேஸ்வர என்னும் பெயரைத் தெலுங்கில் வே, சுழி, க, டே, ச்வ, ர என ஆறு உருக்களில் அடக்கலாம். தமிழில் இரட்டைக்கொம்பைத் தனியாக எண்ணினால் ஒன்பது உருக்கள் வேண்டும். தெலுங்குத் தலைப்புக்கென வரைந்த சட்டகத்தில் தமிழ்த் தலைப்பைப் பொருத்த முயலும் ஓவியர் எழுத்தைச் சிறிதாக்குகிறார் அல்லது நெருக்குகிறார். பெருமிதமாகத் தோன்ற வேண்டிய பெயர் இடமின்றி ஒடுங்கிய பெயராகிறது. தெலுங்கில் அடி ஒட்டுகளுக்காக விட்ட வெற்றிடமோ தமிழில் காரணமின்றிக் காலியாகக் கிடக்கிறது.

அளவு மாறும்போது சிக்கல் கூடுகிறது. நெடுநேர இசைத்தட்டின் உறை ஏறத்தாழ 31 செ.மீ. சதுரம். 1980களில் பரவிய ஒலிநாடாப் பேழையின் முகப்பு ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும் 6.5 செ.மீ. அகலமும் கொண்டது. பரப்பளவில் இது ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. சதுரம் நிமிர்ந்த நீள்சதுரமாயிற்று என்பதையும் மறக்கலாகாது. பக்கவாட்டில் நீளும் தமிழ்த் தலைப்புக்கு இம்மாற்றம் தெலுங்கைவிடக் கடுமையானது. இன்று கைப்பேசித் திரையில் நகமளவு படமாக அதே உறை தோன்றும்போது எழுத்து அறவே படிக்க முடியாததாகி, நிறமும் நாமமும் மட்டுமே எஞ்சுகின்றன.

நாமத்தைப் பற்றி ஒரு சொல். வடகலை, தென்கலை நாமங்களின் வடிவ வேறுபாடு ஓர் ஓவியருக்குச் சிறு கோட்டு வளைவாகத் தோன்றலாம். அடியவருக்கு அது நெடிய வழக்கு வரலாறு. திருமலைப் பெருமானின் திருநாமம் அவ்விரண்டில் எதனோடும் முற்றும் ஒவ்வாத தனி வடிவுடையது. உறையில் ஒரு வடிவமும் சுவரொட்டியில் வேறொரு வடிவமும் இடம்பெறுமானால், அதனை எழுத்துப்பிழைக்கு நிகரான பிழையாகவே கொள்ள வேண்டும்.

எழுத்துச் சீர்திருத்தமும் இங்கு இடையிட்டது. தமிழக அரசு 1978ஆம் ஆண்டு ஏற்ற சீர்திருத்தத்தில் பதின்மூன்று எழுத்துகளின் உருவம் மாறியது. அவற்றுள் ‘லை’ ஒன்று. திருமலை, ஏழுமலையான், மாலை ஆகிய மூன்று சொற்களிலும் அவ்வெழுத்து உள்ளது என்பது தற்செயலே ஆயினும் விளைவுடையது. யானைத் துதிக்கைபோல் மேலெழுந்து வளையும் பழைய ‘லை’ தலைப்பில் நின்றால் தொன்மையும் கோயில் சூழலும் தோன்றின; புதிய ‘லை’ பாடநூலை நினைவூட்டியது. 1978க்குப் பின் பல்லாண்டுகள் பக்தி நூல்களின் அச்சில் பழைய உருவம் தொடர்ந்தமைக்குப் பழக்கமும் அச்சுக் கோப்பும் காரணமாயினும் இம்மெய்ப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. தலைப்பில் பழைய உருவமும் உள்ளே புதிய உருவமும் வருவதை ஏற்கலாம். ஒரே வரியில் இரண்டும் வருவதைக் கண் ஏற்பதில்லை.

எழுத்துக்கூட்டின் வேறுபாடு இதனினும் பரவலான குறை. வேங்கடேஸ்வரர், வேங்கடேசுவரர், வேங்கடேச்வரர், வெங்கடேஸ்வரர் என்னும் நான்கும் தமிழில் வழங்குகின்றன. ‘ஸ்ரீ’ என்னும் கிரந்தக் கூட்டெழுத்து தன்னளவிலேயே ஓர் அணி. அதனை இட்ட உறைக்குக் கிரந்தம் தவிர்த்த ‘வேங்கடேசுவரர்’ இசையாது. ‘திருவேங்கடமுடையான்’ என எழுத விரும்புவோர் ‘ஸ்ரீ’யையும் விட்டுவிட வேண்டும். தனித்தமிழா மணிப்பிரவாளமா என்னும் கொள்கைச் சண்டையை இங்கு இழுத்துவர வேண்டியதில்லை. இரண்டுள் ஒன்றைத் தேர்ந்து அழைப்பிதழ் வரை அதிலேயே நிற்பது போதும்.

பாட்டுப் புத்தகத்தில் நேரும் மோதல்

இதுவரை கூறியவற்றில் அழகும் மொழித் துல்லியமும் ஒரே திசையில் சென்றன. பாடல் வரிகளைத் தமிழெழுத்தில் அச்சிடும் இடத்தில் அவை முரண்படுகின்றன.

தமிழ் எழுத்து ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டைத் தனி வரிவடிவங்களால் காட்டுவதில்லை. சொல்லின் முதலில் வல்லினம் ஒலிப்பின்றியும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடனும், உயிர்களின் இடையில் மென்மையாகவும் ஒலிக்கும். வேங்கடம் என்னும் ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. தொல்காப்பியப் பாயிரம் வட எல்லையாகச் சுட்டும் அப்பெயரைத் தமிழர் ஒலிப்புடைக் ககரத்துடன் உச்சரிக்கின்றனர். தெலுங்கரும் வடமொழியாளரும் ஒலிப்பிலாக் ககரத்துடன் உச்சரிக்கின்றனர்.

அன்னமாசாரியரின் ‘நானாடி பதுகு’ என்னும் பெயர்பெற்ற சங்கீர்த்தனத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘பதுகு’ என்னும் தெலுங்குச் சொல்லுக்கு வாழ்வு என்பது பொருள். அதில் பகரம் ஒலிப்புடையது. தகரமும் இறுதிக் ககரமும் ஒலிப்பிலாதவை. தமிழெழுத்தை மட்டும் நம்பிப் படிப்பவர் இதன் நேர்மாறாக, முதற்பகரத்தை வன்மையாகவும் இறுதிக் ககரத்தை மென்மையாகவும் ஒலிப்பர். இறுதிக் ககரத்தை வலித்துக் காட்டக் கருதி ஒற்றிரட்டித்தால் ‘பதுக்கு’ என்றாகிறது. வாழ்வின் நிலையாமையைப் பாடும் பாட்டு, தமிழ்க் கண்ணுக்குப் பண்டங்களைப் பதுக்கச் சொல்லும் ஏவலாகிறது. ‘நானாடி’ என்பதில் டகரத்தை இரட்டித்தாலும் இதே போன்ற இடர்ப்பாடு எழும்.

இதற்கு இசை நூல் பதிப்பாளர் கண்ட வழி எண்குறியிடுதல். ககரம் முதலிய வருக்க எழுத்துகளுக்கு 2, 3, 4 என்னும் எண்களை இட்டு வல்லொலியின் வேறுபாடுகளைக் காட்டுவர். எண்ணில்லாதது ஒலிப்பிலா முதல் எழுத்து. அம்முறையில் இச்சொல் ‘ப³துகு’ என வரும். கீர்த்தனை நூல்களில் இது நன்கு நிலைபெற்றது. பாடுவோர்க்குப் பெரிதும் உதவுவது. ஆனால் இசைத்தட்டுடன் வரும் சிறு புத்தகத்தில் வரிக்கு எட்டு, பத்து எண்கள் மேலே மொய்க்கும்போது பக்கம் கணக்கேடுபோல் தோன்றுகிறது. அமைதியான விடியற்காலை வண்ணத்தில் அமைந்த உறையைத் திறந்தவுடன் இப்பக்கம் எதிர்ப்பட்டால் மெய்ப்பாடு முறிகிறது என வடிவமைப்பாளர் குறை கூறுவது நியாயமே. எண்களை நீக்கிவிட்டால் தெலுங்கு அறியாத தமிழர் பிழையாகப் பாடுவர் என மொழியியலார் கூறுவதும் நியாயமே.

இவ்விரண்டில் ஒன்றை விட நேர்ந்தால் அழகை விடுவதே முறை. உறையைச் சில நொடிகள் காண்கின்றனர்; பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பாடுகின்றனர். பிழைபட்ட ஒலி ஒரு வீட்டில் படிந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் அதுவே பாடமாகிறது. எனினும் முழுமையாக விட வேண்டிய தேவை இல்லை. முகப்பிலும் சுவரொட்டியிலும் பாடலின் முதற்குறிப்பை எண்ணின்றி அச்சிட்டு, உள்ளே எண்களைச் சிறிதாக்கி உறையில் பயன்பட்ட வண்ணங்களுள் மங்கிய ஒன்றில் இடலாம். எண்ணுக்கு மாற்றாக ஒலிப்புடை எழுத்துகளைத் தடித்த அச்சில் தரும் முறையும் உண்டு; அது மூச்சொலி வேறுபாட்டைக் காட்டாது என்பதால் வடமொழிப் பாடல்களுக்குப் போதாது. எவ்வாறாயினும் இது படம் முடிந்து அச்சுக்குப் போகும் நாளில் எடுக்கும் முடிவாக இருத்தல் ஆகாது. எண்ணிட்ட ஒரு வரி எவ்வளவு இடம் கொள்ளும் என்பதை மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்திலேயே ஓவியருக்குக் காட்டினால்தான் பக்கத்தின் அளவும் எழுத்தின் அளவும் அதற்கேற்ப அமையும்.

ஒருமை மறைப்பது

காட்சி ஒருமை எப்போதும் நன்மையே செய்கிறது எனக் கொள்வதும் பொருந்தாது. திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பாண்டாகாரத்திலிருந்து 1922ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த செப்பேடுகள் தாளப்பாக்கக் கவிஞர்களின் பாடல்களை ஆத்யாத்மம், சிருங்காரம் என இரு வகையாகப் பகுத்துத் தந்துள்ளன. அவற்றில் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. ஆகவே இன்று கேட்கும் மெட்டுகளுள் மிகப் பல இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய இருபதாம் நூற்றாண்டு இசையறிஞர்கள் அமைத்தவை. 1978ஆம் ஆண்டு தேவஸ்தானம் தொடங்கிய அன்னமாசாரியா திட்டம் இப்பணியைப் பெருக்கியது.

செப்பேடு செய்த பகுப்பை உறைகள் செய்வதில்லை. விளக்கொளி, விமானம், துளசி மாலை என்னும் ஒரே காட்சி மெய்ப்பாடு ஆத்யாத்மப் பாடலுக்கும் அலமேல்மங்கையின் ஊடலைப் பாடும் சிருங்காரப் பாடலுக்கும் பொதுவாகப் பூசப்படுகிறது. தெலுங்கு அறிந்தவர் பாடலைக் கேட்டவுடன் வேறுபாட்டை உணர்வர். தெலுங்கு அறியாத தமிழருக்கு உறையே உரை. அவர் சிருங்காரப் பாடலையும் துயிலெழுப்பும் தோத்திரமாகவே கொள்வார். நாயக-நாயகி பாவத்தை ஆழ்வார் பாசுரங்களில் நன்கறிந்த தமிழ் வாசகரிடம் இவ்வேறுபாட்டை மறைப்பது தேவையற்றது. உறையின் வண்ணத்தையும் எழுத்தையும் மாற்றாமலே, பாடல் பட்டியலில் ஒவ்வொரு முதற்குறிப்பின் கீழும் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’, ‘அடியவர் வேண்டல்’ என ஒரு சிறு வரி இடலாம். அகப்பாடல் பதிப்புகளில் தமிழ் வாசகர் நெடுங்காலம் கண்டு பழகிய குறிப்பு அது. தெலுங்குப் பதிப்பில் அவ்வரி இல்லாமற்போனாலும் ஒருமைக்குக் குறைவு நேராது.